தக்காளித் துவையல் கூறும் வரலாறு

சங்ககால விருந்து ஒன்றைப் பள்ளி மேடையில் மாணவர்கள் நடித்துக் காட்டுகின்றனர் என்று கொள்வோம். பாணன் யாழை ஒருபுறம் வைத்துவிட்டு இலையின்முன் அமர்கின்றான். இலையில் வெண்சோறு, அதன் அருகே சிவந்த நிறத்தில் தக்காளித் துவையல். கண்டு களிக்கும் பெற்றோரும் ஆசிரியரும் இக்காட்சியில் பிழை ஏதும் இருப்பதாக எண்ணமாட்டார்கள். யாழுக்கு நரம்புகள் எத்தனை என்று வினவும் புலமையாளர்கூடத் துவையலைப் பற்றி வினவுவதில்லை. நாள்தோறும் உண்ணும் பொருள் என்பதனாலேயே அது என்றும் இருந்த பொருள் என்று நம் மனம் முடிவுகட்டிவிடுகின்றது.

உண்மை வேறு. அந்தப் பாணன் தக்காளியைக் கண்டதில்லை. துவையலுக்குக் காரம் தரும் மிளகாயையும் கண்டதில்லை. கரிகாலனும் கண்டதில்லை, இராசராசனும் கண்டதில்லை, கம்பரும் கண்டதில்லை. தக்காளித் துவையலுக்கு இன்றியமையாத இவ்விரு பொருள்களும் பெருங்கடலுக்கு அப்பால், வேறொரு கண்டத்தில் விளைந்தவை. ஆயினும், அத்துவையல் தமிழர் உணவே என்பதிலும் ஐயமில்லை. இவ்விரண்டு உண்மைகளும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துவையல் என்னும் சொல்

சோற்றோடும் தோசையோடும் தொட்டு உண்ணப்படும் துணையுணவைத் தொடுகறி என்று கூறுவது தமிழர் வழக்கு. தொடுகறிகளுள் அரைத்துச் செய்யப்படுவது துவையல். துவைத்தல் என்பது இடித்தும் நசுக்கியும் ஒரு பொருளைக் குழையச் செய்தலாகும். ஆடையைக் கல்லில் அடித்து வெளுப்பதற்கும் இதே வினைச்சொல் வழங்குதல் காண்க. கையும் கல்லும் சேர்ந்து செய்யும் தொழிலே இவ்வுணவிற்குப் பெயராயிற்று.

பிற மக்கள் வேறு வகையில் பெயரிட்டனர். வடஇந்தியரின் சட்னி என்னும் சொல், நக்குதல் என்னும் பொருளுடைய வினையினின்று பிறந்தது. ஸ்பானியரின் சல்சா என்னும் சொல்லும் ஆங்கிலேயரின் சாஸ் என்னும் சொல்லும், உப்பிடப்பட்டது என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லின் வழிவந்தவை. ஒரு மக்கள் சுவைக்கும் நாவை நினைந்து பெயரிட்டனர். ஒரு மக்கள் சேர்க்கும் உப்பை நினைந்து பெயரிட்டனர். தமிழர் அரைக்கும் கையை நினைந்து பெயரிட்டனர். இச்செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் நன்று. துவையலின் வரலாற்றில் கனிகள் மாறின, காரம் மாறியது, ஆனால் கையின் தொழில் மாறவில்லை.

தக்காளி பிறந்த நாடு

தக்காளியின் காட்டு உறவுகள் தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில், இன்றைய பெரு, எக்குவடோர் ஆகிய நாடுகளின் நிலப்பரப்பில் இன்றும் முளைக்கின்றன. அவற்றின் கனிகள் மணியளவே ஆனவை. அவை வடக்கே பரவி, மெக்சிகோவை அடைந்தபின், அங்கு வாழ்ந்த உழவர்களின் கையில் பெரிய கனிகளாக வளர்ச்சி பெற்றன. பல தலைமுறை உழவர்கள் பெருத்த கனிகளின் விதைகளையே தேர்ந்து விதைத்ததன் பயன் அது.

மெக்சிகோவில் ஆட்சி செலுத்திய அஸ்டெக் மக்களின் மொழி நவாத்து என்பது. அம்மொழியில் தொமாத்ல் என்னும் சொல், மெல்லிய உறைக்குள் இருக்கும் பச்சை நிறச் சிறுகனியைக் குறித்தது. உறையற்ற சிவந்த பெருங்கனிக்கு ஷித்தொமாத்ல் என்று அடைமொழி சேர்த்து வழங்கினர். ஸ்பானியர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல், இரண்டையும் தொமாத்தே என்றே அழைத்தனர். உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் பெயர் இவ்வாறு தோன்றியதே.

1521ஆம் ஆண்டில் எர்னான் கோர்த்தெஸ் என்னும் ஸ்பானியத் தலைவன் அஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றினான். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1529இல், பெர்னார்தினோ தெ சாகுன் என்னும் கிறித்தவத் துறவி அங்குச் சென்றார். அவர் நவாத்து மொழியைக் கற்று, அம்மக்களின் முதியோரிடமே கேட்டு, அவர்தம் வாழ்க்கை முறைகளை விரிவான ஒரு நூலாகத் தொகுத்தார். அதில் சந்தைக் காட்சிகளும் இடம்பெற்றுள்ளன. தக்காளி விற்போர், மிளகாய் விற்போர், இவ்விரண்டையும் பூசணி விதையோடு அரைத்துச் சமைத்த சாந்துகளை விற்போர் ஆகியோரை அந்நூல் வகைவகையாகக் கூறுகின்றது. மன்னர் வரலாறு எழுதியோர் விட்டுவிட்ட சமையற் செய்தியை, மக்கள் மொழியைக் கற்ற ஒருவர் காத்துக் கொடுத்தார் என்பது மொழியாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

அம்மக்கள் அரைத்த கருவிகளைக் காணின் தமிழர் வியப்படைவர். சற்றே சாய்ந்த கற்பலகையின்மேல் குழவியை முன்னும் பின்னும் தள்ளி அரைக்கும் மெத்தாத்தே, நம் அம்மியை ஒத்தது. எரிமலைக் கல்லில் குடைந்த முக்கால் உரலாகிய மொல்காஹெத்தே, மலாய் மக்களின் லெசுங் கல்லை ஒத்தது. முதலில் மிளகாயையும் பூண்டையும் உப்போடு சேர்த்து நசுக்குவர். உப்பின் பரல்கள் தோலையும் நாரையும் உராய்ந்து மசியச் செய்யும். அதன்பின் சுட்ட தக்காளியை இட்டு அரைப்பர். இவற்றுள் பூண்டு ஸ்பானியர் கொண்டுவந்து சேர்த்தது. அம்மியில் துவையல் அரைக்கும் தமிழ்ப் பெண்மணியும் மிளகாயையும் உப்பையும் முதலில் நுணுக்கியபின்பே கனியை இடுகின்றார். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், கல்லும் கையும் கற்பித்த ஒரே பாடத்தைக் கற்றிருக்கின்றனர்.

ஐரோப்பாவின் அச்சம்

ஸ்பானியக் கப்பல்களில் தக்காளி ஐரோப்பாவை அடைந்தது. 1544ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் மத்தியோலி, இக்கனியைப் புதுவகைக் கத்தரி என்று கருதி எழுதினார். எண்ணெய், உப்பு, மிளகு சேர்த்து உண்பர் என்றும் குறித்தார். பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் பொன் ஆப்பிள் என்னும் பொருள்படும் பெயரைச் சேர்த்தார். இன்றும் இத்தாலியர் அப்பெயராலேயே இக்கனியை வழங்குகின்றனர்.

ஆனால் கண்டவுடன் எல்லாரும் உண்டுவிடவில்லை. தக்காளிச் செடி, நஞ்சுடைய சில செடிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலையின் கடுமணமும் மக்களை அச்சுறுத்தியது. இங்கிலாந்தில் 1597இல் மூலிகை நூல் இயற்றிய ஜெரார்டு, இக்கனியைத் தாழ்த்தியே எழுதினார். 1753இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய அறிவியற் பெயரில் உள்ள லைக்கோபெர்சிக்கம் என்னும் சொல்லுக்கு ஓநாய்ப் பீச்சுப் பழம் என்பது பொருள். அழகுக்காகத் தோட்டத்தில் வளர்ப்பதும் உண்ண அஞ்சுவதுமாக வடஐரோப்பியர் நெடுங்காலம் கழித்தனர்.

அச்சத்தை முதலில் விட்டவர்கள் தெற்கு ஐரோப்பியரே. அந்தோனியோ லத்தீனி என்பவர், ஸ்பானியர் ஆட்சியில் இருந்த நேப்பிள்ஸ் நகரில் பெருமனை ஒன்றின் விருந்துப் பொறுப்பாளராகப் பணிபுரிந்தார். அவர் இயற்றிய சமையல் நூல் 1692 முதல் 1694 வரை இரு பாகங்களாக வெளிவந்தது. அதில் ஸ்பானிய முறைத் தக்காளிச் சாந்து ஒன்றன் செய்முறை காணப்படுகின்றது. தக்காளியைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, பொடியாக அரிந்த வெங்காயமும் மிளகாயும் நறுமண இலையும் சேர்த்து, உப்பும் எண்ணெயும் காடியும் கலக்குக என்கின்றார் அவர். எண்ணெயும் காடியும் நீங்கலாகப் பார்த்தால் இது மெக்சிகோவின் சாந்தே. வென்றவர்கள் பொன்னைக் கொண்டுசென்றதை வரலாறு பெரிதாகப் பேசுகின்றது. தோற்ற மக்களின் அடுக்களை, வென்றவர்களின் அடுக்களையை வென்றதை அது பேசுவதில்லை.

தமிழகம் வந்த புதுமை

1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டையை அடைந்தார். 1510இல் போர்ச்சுக்கீசியர் கோவாவைக் கைப்பற்றினர். 1511இல் மலாக்காவையும் கைப்பற்றினர். 1565இல் ஸ்பானியர் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்திற்கும் பிலிப்பீன்சிற்கும் இடையே கப்பற் போக்குவரத்தைத் தொடங்கினர். கிழக்கிலும் மேற்கிலும் திறந்த இவ்வழிகளில் அமெரிக்கச் செடிகள் ஆசியாவிற்கு வந்தன. பிலிப்பீன்சு மக்கள் தக்காளியைக் கமாத்திஸ் என்று அழைப்பது, அது மெக்சிகோவிலிருந்து நேரே வந்ததற்குச் சான்றாக நிற்கின்றது.

வந்தவற்றுள் மிளகாயை நம்மவர் விரைந்து ஏற்றனர். மிளகுபோல் காரமுடைய காய் என்று பொருள்படுமாறு அதற்குப் பெயரும் இட்டனர். மிளகு விளையும் மலைகள் தொலைவில் இருக்க, மிளகாயோ வீட்டுக் கொல்லையிலேயே விளைந்தது. ஏழை எளியோர்க்கும் காரம் எட்டியது. தக்காளிக்கு அத்தகைய வரவேற்பு உடனே கிட்டவில்லை. காரணம் தேடுவது அரிதன்று. புளிப்புச் சுவைக்குத் தமிழர் புதிய பொருள் எதையும் நாட வேண்டியிருக்கவில்லை. புளி இருந்தது; மாங்காய் இருந்தது; எலுமிச்சையும் நாரத்தையும் மோரும் இருந்தன. மேலும், புளியை ஓராண்டுக்குச் சேமித்து வைக்கலாம். தக்காளியோ சில நாள்களில் அழுகும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. ஜார்ஜ் வாட் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் 1889 முதல் 1893 வரை வெளியிட்ட இந்திய விளைபொருள் அகராதியில், இச்செடி பெரும்பாலும் ஐரோப்பியர்க்காகவே பயிரிடப்படுகின்றது என்றும், இந்நாட்டு மக்கள் இப்போதுதான் இதனை விரும்பத் தொடங்கியுள்ளனர் என்றும், வங்காளியரும் பர்மியரும் புளிக்குழம்பில் இதனைச் சேர்க்கின்றனர் என்றும் குறித்துள்ளார். நாம் தொன்மை வாய்ந்ததாகக் கருதும் தக்காளித் துவையல், பரவலான வழக்கிற்கு வந்தது அதன் பின்னரே என்று கொள்ளலாம்.

இதற்கு ஏட்டில் இல்லாத சான்று ஒன்றும் உண்டு. முன்னோர்க்குத் திதி கொடுக்கும் நாளில் சில குடும்பத்தினர் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் முதலியவற்றைச் சமையலில் சேர்ப்பதில்லை. மிளகையும் புளியையும் நாட்டுக் காய்களையுமே பயன்படுத்துகின்றனர். ஒடிசாவின் பூரிக் கோயிலிலும் இறைவனுக்குப் படைக்கும் உணவில் இவற்றிற்கு இடமில்லை. முன்னோர் உண்டறியாத பொருளை முன்னோர்க்குப் படைத்தல் ஆகாது என்பது இதன் கருத்துப் போலும். சடங்கு என்று ஒதுக்கப்படுவது சில வேளைகளில் வரலாற்று நினைவாகவும் அமைகின்றது.

பெயர் வந்த வழி

தக்காளி என்னும் சொல்லோ கனியைவிடப் பழமையானது. வயல் வரப்பிலும் வேலியோரத்திலும் தானே முளைக்கும் சிறு செடிகளுக்கு முன்னரே வழங்கிய பெயர் அது. மணத்தக்காளி அவற்றுள் ஒன்று. மற்றொன்று சொடக்குத் தக்காளி. அதன் கனி மெல்லிய உறைக்குள் அடங்கியிருக்கும். சிற்றூர்ச் சிறுவர்கள் காற்றடைத்த அவ்வுறையை நெற்றியில் தட்டிச் சொடக்கென்று ஓசை எழுப்பி விளையாடுவர். கடல் கடந்து வந்த பெருங்கனியைக் கண்ட தமிழர், தம் வரப்பில் இருந்த சிறுகனியின் உறவாக அதனை அடையாளம் கண்டு, சீமைத் தக்காளி என்று பெயரிட்டனர். நாளடைவில் சீமை என்னும் அடைமொழி உதிர்ந்தது. வந்த கனியே தக்காளி ஆயிற்று; இருந்த கனிக்கே மண, சொடக்கு என்னும் அடைமொழிகள் தேவைப்பட்டன.

இவ்விடத்தில் வியக்கத்தக்க ஒப்புமை ஒன்று தோன்றுகின்றது. நவாத்து மொழியிலும் தொமாத்ல் என்பது முதலில் உறைக்குள் இருக்கும் சிறுகனியையே குறித்தது என்று மேலே கண்டோம். மெக்சிகோவின் அச்சிறுகனியும் நம் சொடக்குத் தக்காளியும் தாவர நூலார் ஃபைசாலிசு என்று வகுக்கும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மெக்சிகோ உழவனும் தமிழ் உழவனும், ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே, உறைக்கனியின் பெயரைச் சிவந்த கனிக்கு நீட்டித்திருக்கின்றனர். வங்காளியரோ மத்தியோலியைப்போல் இதனைக் கத்தரியோடு ஒப்பிட்டு, சீமைக் கத்தரி என்னும் பொருளில் பிலாத்தி பேகுன் என்றனர். அதுவும் பிழையன்று, கத்தரியும் இக்குடும்பமே. செடியின் பூவையும் கனியையும் கூர்ந்து நோக்கிய எளிய மக்களின் அறிவு இப்பெயர்களில் ஒளிர்கின்றது.

பழைய முறை

கனி புதிது என்றால், துவையலில் தமிழருடையது எது? இதற்கு விடை காணச் சங்க நூல்களையே நாடவேண்டும். பெரும்பாணாற்றுப்படையில், மாதுளையின் பசுங்காயை வெண்ணெயில் வெதுப்பி, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்த உணவும், மாவடு ஊறிய காடியும் கூறப்படுகின்றன. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், கூடலூர் கிழார் புதுமணப் பெண் ஒருத்தியைக் காட்டுகின்றார். அவள் முற்றிய தயிரைத் தன் மெல்விரலால் பிசைகின்றாள்; தாளிப்பின் புகை அவள் கண்களில் படிகின்றது; தானே சமைத்த புளிப்புக் குழம்பைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கின்றது.

இச்சான்றுகளில் தக்காளி இல்லை; மிளகாய் இல்லை. ஆனால் புளிப்பு இருக்கின்றது, காரம் இருக்கின்றது, உப்பிட்டு ஊறவைத்தல் இருக்கின்றது, தாளித்தல் இருக்கின்றது, கையால் பிசைந்து குழையச் செய்தல் இருக்கின்றது. தொடுகறி ஒன்றிற்கு வேண்டிய இலக்கணம் முழுதும் அன்றே அமைந்துவிட்டது. மிளகின் இடத்தில் மிளகாய் வந்தது. புளியும் மாங்காயும் இருந்த இடத்தில் தக்காளியும் வந்து சேர்ந்தது. இலக்கணம் நிலைத்திருக்கும் மொழி புதிய சொற்களை ஏற்றுத் தன்னியல்பு கெடாதிருப்பதைப்போல், முறை நிலைத்திருந்த அடுக்களை புதிய கனியை ஏற்றுத் தன்னியல்பு கெடாதிருந்தது.

இல்லத்தில் செய்யும் முறை

அம்முறையைச் சற்று விரித்துக் காண்போம். நன்கு பழுத்த தக்காளி நான்கு, வற்றல் மிளகாய் ஐந்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டுப் பல் இரண்டு, உளுத்தம்பருப்பு இரண்டு தேக்கரண்டி, நெல்லிக்காயளவில் பாதி புளி, சிறிது பெருங்காயம், உப்பு, நல்லெண்ணெய் ஆகியன வேண்டும். எண்ணெயில் பருப்பைச் சிவக்க வறுத்து, மிளகாயையும் பெருங்காயத்தையும் பொரித்து எடுத்து வைப்பர். அதே எண்ணெயில் வெங்காயமும் பூண்டும் வதங்கியபின் தக்காளியை அரிந்து இடுவர்.

செய்முறையின் உயிர்நிலை இங்குதான் உள்ளது. தக்காளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பங்கு நீரே. அந்நீர் வற்றித் தோல் சுருண்டு எண்ணெய் பிரியும்வரை பொறுத்திராமல் அரைத்தால், துவையல் நீர்த்துக் குழம்பாகிவிடும். மெக்சிகோ மக்கள் கனியைச் சுட்டதும் லத்தீனி தணலில் இட்டதும் நீரைக் குறைத்துச் சுவையைத் திரட்டுவதற்கே. பழுத்த தக்காளியில் குளூட்டமிக் அமிலம் மிகுதி. உணவிற்குச் செறிந்த சுவை தருவது இதுவே என்பதை ஜப்பானிய அறிஞர் இக்கேடா 1908இல் கடற்பாசியை ஆராய்ந்து கண்டறிந்தார். நீர் வற்ற வற்ற இச்சுவையும் செறியும். கனிக்குச் செந்நிறம் தரும் லைக்கோப்பீன் எண்ணெயில் கரையும் இயல்புடையது. ஆதலால் எண்ணெயில் வதக்கிய தக்காளியிலிருந்து அதனை உடல் எளிதில் ஏற்கின்றது.

வதங்கியது ஆறியபின், மிளகாய், உப்பு, பருப்பு, புளி ஆகியவற்றை முதலில் அரைத்து, பிறகு தக்காளியைச் சேர்த்துச் சற்றுக் கரகரப்பாக அரைத்து வழித்தெடுத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுவர். மின் அரைவைக் கருவியில் விரைந்து சுழற்றினால் காற்றுக் கலந்து நிறம் வெளுக்கும். அம்மியில் பொருள் வெட்டுப்படுவதில்லை, நசுங்குகின்றது. ஆதலால் நிறமும் மணமும் வேறுபடுகின்றன. முதியோர் அம்மித் துவையலைப் புகழ்வது பழமைப் பற்றினால் மட்டும் அன்று.

மலாயா மண்ணில்

தோட்டத் தொழிலாளராகத் தமிழர் மலாயாவிற்கு வந்தபோது, அம்மியும் உரலும் லயத்து வீடுகளில் இடம்பெற்றன. திருமணத்தில் அம்மி மிதிக்கும் மரபினர்க்கு அம்மியற்ற வீடு வீடாகத் தோன்றாது. அதே அமைப்பில் மலாய் மக்களின் பத்து கிலிங் என்னும் அரைகல்லும், சம்பல் இடிக்கும் லெசுங் கல்லும் இந்நாட்டில் இருந்தன. வெவ்வேறு மொழி பேசிய அண்டை வீடுகளில், காலைப் பொழுதில் எழுந்த கல்லோசை ஒத்திருந்தது.

ஆனால் தக்காளி இந்நாட்டின் தாழ்நிலத்தில் எளிதில் விளைவதன்று. வெப்பமும் செடியை வாட்டும் நுண்ணுயிர் நோயும் அதற்குப் பகை. 1885இல் வில்லியம் கேமரன் என்னும் நிலஅளவையாளர் கண்டு குறித்த மலைப்பகுதி, அவர் பெயரால் கேமரன் மலை எனப்பட்டது. தாப்பாவிலிருந்து மேலே செல்லும் சாலை 1931இல் திறக்கப்பட்டது. அங்குப் பெருகிய காய்கறித் தோட்டங்களே நாட்டின் சந்தைகளுக்குத் தக்காளியை அனுப்பி வருகின்றன. இன்று மலாய் மக்களின் விருந்தில் ஆயாம் மாசாக் மேராவிலும், இந்திய முஸ்லிம் கடைகளின் மீ கோரெங்கிலும் தக்காளி கலந்திருக்கின்றது.

இந்நாட்டுச் சொல் ஒன்றும் தக்காளியோடு உலகை வலம்வந்திருக்கின்றது. மீனை உப்பிட்டு ஊறவைத்துப் பெறும் சாற்றை ஹொக்கியன் சீனர் கெ-சியாப் என்றனர். மலாய் மொழியில் அது கிச்சாப் ஆயிற்று. இத்துறைமுகங்களில் வணிகம் செய்த ஆங்கிலேயர் அச்சுவையையும் பெயரையும் கொண்டுசென்று கெட்சப் என்றனர் என்பது பல அறிஞர் கருத்து. இங்கிலாந்தில் எலிசா சுமித் 1727இல் வெளியிட்ட இல்லத்தரசியர் நூலில் சிறுமீன் சேர்த்த கெட்சப்பின் செய்முறை உண்டு, தக்காளி இல்லை. 1812இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்சு மீசு தக்காளியில் அதனைச் செய்யும் முறையை வெளியிட்டார். 1876இல் ஹைன்சு நிறுவனம் தக்காளிக் கெட்சப்பைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. பின்னர், வேதிப்பொருள் இன்றிக் கெடாதிருக்கும்பொருட்டுக் காடியும் சர்க்கரையும் மிகுதியாகச் சேர்க்கப்பட்டன. இல்லங்களில் வகைவகையாகச் செய்யப்பட்டது, உலகெங்கும் ஒரே சுவையுடைய இனிப்புச் சாறாக மாறியது.

கற்க வேண்டிய பாடம்

ஒரு கிண்ணம் துவையலில் இவ்வளவு செய்திகள் அடங்கியுள்ளன. ஆசிரியர்கள் இதிலிருந்து கொள்ளவேண்டிய முதற்பாடம் உண்மை பேசுதல். எல்லாம் எம் முன்னோரிடம் அன்றே இருந்தன என்று மாணவர்க்குக் கூறுவது எளிது, கேட்போர்க்கும் இனிக்கும். ஆனால் மாணவன் ஒருநாள் வேறு நூலைப் படித்து உண்மை அறியும்போது, தக்காளியைப் பற்றிச் சொன்னதை மட்டுமன்றி, தொல்காப்பியத்தைப் பற்றிச் சொன்னதையும் ஐயுறுவான். உள்ள பெருமையைக் காப்பதற்கேனும் இல்லாத பெருமையை விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது பாடம், உரிமை என்பது எதனால் வருகின்றது என்பது. தக்காளி தமிழகத்திற்கு வந்த பொருள். மலாயாவிற்கும் வந்த பொருள். எனினும் அதனை இன்று அயற்பொருள் என்று இலையிலிருந்து ஒதுக்குவோர் மிகச் சிலரே. வந்த நாள் எது என்று மண் கேட்பதில்லை. வேர் ஊன்றியதா, விளைவு தந்ததா என்றே பார்க்கின்றது. காடு திருத்தி, இருப்புப்பாதை அமைத்து, இரப்பர் மரத்தில் பால்வெட்டி வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் இவ்வுண்மையைப் பிறர் சொல்லி அறியவேண்டுவதில்லை.

மூன்றாவது பாடம் கையைப் பற்றியது. கனி கடல் கடந்து வந்தது. காரம் கடல் கடந்து வந்தது. அவற்றைத் துவையலாக்கிய கைமுறை ஒன்றே நம் இல்லத்தில் தாய் மகளுக்குக் கற்பித்து வந்தது. ஆதலின் தக்காளி விலையேறுவதால் இத்துவையல் அழியாது. அரைக்கும் கை ஓய்ந்தால் அழியும். 2010இல் மெக்சிகோவின் மரபுச் சமையலும், 2020இல் சிங்கப்பூரின் அங்காடி உணவுப் பண்பாடும், 2024இல் மலேசியாவின் காலையுணவுப் பண்பாடும் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றன. ஆயினும் பட்டியலில் ஏறியதனால் மட்டும் ஒரு கலை வாழ்ந்துவிடாது. நாள்தோறும் யாரேனும் ஒருவர் அதனைச் செய்ய வேண்டும். அருகில் நின்று ஒரு பிள்ளை பார்க்க வேண்டும்.

வரலாற்று வகுப்பில் ஒரு நாள், மாணவர்கள் தத்தம் வீட்டுத் துவையலின் செய்முறையைப் பாட்டியிடமோ தாயிடமோ கேட்டு எழுதி வரட்டும். என்ன பொருள், எந்த நாட்டில் பிறந்தது, எவ்வழியில் வந்தது என்று அவர்களே ஆராயட்டும். ஒரு வீட்டில் பெருங்காயம் இருக்கும். ஒரு வீட்டில் பெலாச்சான் கலந்திருக்கும். ஒரு வீட்டில் புளியே இராது. அவ்வேறுபாடுகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வரலாறு. அவற்றை எழுதி வைக்கும் மாணவன், சாகுன் அன்று மெக்சிகோவில் செய்த பணியைத் தன் வீட்டில் செய்தவனாவான். அதன்பின், சங்ககால நாடகத்தின் இலையில் எதை வைப்பது, எதை வைக்கலாகாது என்பதையும் அவனே எடுத்துரைப்பான்.